பாதரசத் துளியில் பல்ஸ் வோல்ட்டமெட்ரி: உச்சம் காணவில்லை, நகர்கிறது, ஆடுகிறது என்றால் என்ன செய்வது?

குடிநீரில் ஈயத்துக்கு ஐஎஸ் 10500 தரநிலை விதிக்கும் வரம்பு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். காட்மியத்துக்கு 3. பல்ஸ் வோல்ட்டமெட்ரி என்பது மின்னழுத்தத்தைச் சிறு துடிப்புகளோடு படிப்படியாக மாற்றி மின்னோட்டத்தை அளக்கும் முறை; ஒவ்வோர் உலோகமும் தனக்குரிய மின்னழுத்தத்தில் ஓர் உச்சமாகத் தெரியும். தொங்கும் பாதரசத் துளியில் உலோகத்தைப் படியவைத்து, டிஃபரன்ஷியல் பல்ஸ் ஸ்கேனில் கரைத்தெடுத்தால் இந்த அளவுகளை எளிதாகப் பிடித்துவிடலாம். இவ்வளவு குறைந்த அளவைக் காட்டும் முறை, நைட்ரஜன் சிலிண்டர் இணைப்பில் உள்ள ஒரு கசிவையும் காட்டும், கையுறையில் ஒட்டிய தூளையும் காட்டும். கோளாறு வந்ததும் பலர் முதலில் மின்னணுப் பெட்டியைச் சந்தேகிக்கிறார்கள். அதைக் கடைசியாகச் சந்தேகியுங்கள். துளி, நைட்ரஜன், குறிப்பு மின்முனை (மின்னழுத்தத்தை அளக்க ஒப்பீடாக நிற்பது), கரைசல் ஆகிய நான்கில் ஒன்றில்தான் பெரும்பாலும் குற்றம் இருக்கும். அவை ஒவ்வொன்றையும் சில நிமிடங்களில் சோதித்துவிடலாம்.

கீழே உள்ள எண்கள் எல்லாம் ஒரே முறையை அடிப்படையாகக் கொண்டவை. 10 மில்லிலிட்டர் மாதிரி, 1 மில்லிலிட்டர் அசிட்டேட் தாங்கல் கரைசல், பிஹெச் 4.6. கரைந்த ஆக்சிஜனை வெளியேற்ற ஐந்து நிமிடம் நைட்ரஜன். கலக்கியபடி −1.15 வோல்ட்டில் 90 விநாடி படிவு, கலக்கியை நிறுத்தி 10 விநாடி ஓய்வு. 50 மில்லிவோல்ட் பல்ஸ், 40 மில்லிவிநாடி பல்ஸ் நேரம். 3 மோலார் பொட்டாசியம் குளோரைடு நிரப்பிய வெள்ளி–வெள்ளி குளோரைடு குறிப்பு மின்முனைக்கு எதிராகத் துத்தநாகம் ஏறத்தாழ −1.0, காட்மியம் −0.6, ஈயம் −0.4, செம்பு −0.1 வோல்ட்டில் எழும். உங்கள் நிபந்தனைகள் வேறாக இருந்தால் எண்கள் சற்று மாறும். தேடும் வரிசை மாறாது.

எதையும் கழற்றுவதற்கு முன்

நல்ல நாளில் எடுத்த ஒரு வரைகோடு கையில் இருக்க வேண்டும். வெறும் தாங்கல் கரைசலில் ஒன்று, அதிலேயே லிட்டருக்கு 10 மைக்ரோகிராம் ஈயமும் காட்மியமும் சேர்த்து ஒன்று. இவ்விரண்டும் இல்லையென்றால், கருவி நன்றாக இயங்கும்போதே எடுத்து அச்சிட்டுத் தாங்கியின் (துளியையும் செல்லையும் பிடித்திருக்கும் பகுதியின்) பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். இன்றைய வரைகோட்டை எதனுடனும் ஒப்பிட முடியாவிட்டால் எந்தச் சோதனையும் முடிவுக்கு வராது.

பிறகு, மாதிரியை எடுத்து வைத்துவிட்டு, சுத்தமான தாங்கல் கரைசலில் அந்த ஈயம்–காட்மியம் ஸ்டாண்டர்டை (அளவு தெரிந்த கரைசலை) ஓட்டுங்கள். உச்சங்கள் பழையபடி வந்தால் கருவியில் பழுதில்லை, மாதிரியில்தான் சிக்கல். வராவிட்டால் மாதிரியைக் குறை சொல்வதில் பயனில்லை. பாதி வழக்கு இங்கேயே முடிந்துவிடும். ஒரு நேரத்தில் ஒரே ஒரு பொருளை மட்டும் மாற்றுங்கள். மூன்றைச் சேர்த்து மாற்றிச் சரியானால், எதனால் சரியானது என்று தெரியாமல் அடுத்த மாதம் மறுபடி மூன்றையும் மாற்றிக்கொண்டிருப்பீர்கள்.

அறிகுறி 1: துளி வரவில்லை, தங்கவில்லை, அல்லது விழவில்லை

வேறு எந்த அறிகுறி இருந்தாலும் இதை முதலில் பார்த்துவிடுங்கள். செல்லில் (கரைசல் ஊற்றும் கலத்தில்) தூய நீரை வைத்து, மின்னழுத்தம் எதுவும் கொடுக்காமல் ஒரு துளியை உருவாக்குங்கள். டார்ச் வெளிச்சத்தைப் பக்கவாட்டில் பிடித்து, உருப்பெருக்கிக் கண்ணாடியால் கேப்பிலரியின் (துளி தொங்கும் நுண்குழாயின்) நுனியைப் பாருங்கள். கடுகைவிடச் சிறிய அந்தத் துளி, உருண்டையாக, ஒரே சீரான மினுக்கத்துடன், நுனியின் நடுவில் நேராகத் தொங்க வேண்டும். அதற்கு மேலே குழாயினுள் பாதரசம் முறியாத வெள்ளிக் கோடாகத் தெரிய வேண்டும். கோட்டின் நடுவே ஓர் இருண்ட இடைவெளி தெரிந்தால் அங்கே காற்றோ கரைசலோ புகுந்திருக்கிறது. நல்ல துளி, யாரும் தொடாவிட்டால், பல நிமிடங்கள் அசையாமல் தொங்கும்.

*துளி வரவே இல்லை.* முதலில் தாங்கிக்குப் போகும் நைட்ரஜன் அழுத்தம். பல தாங்கிகளுக்கு அது 1 பார் அளவில் இருக்க வேண்டும். சிலிண்டர் வால்வை யாரோ மூடியிருப்பதே அடிக்கடி காணும் காரணம். அடுத்து, தேக்கத்தில் பாதரசம் குறைந்திருக்கிறதா என்று பாருங்கள். அதுவும் போதுமான அளவு இருந்தால் குழாயில் காற்று அடைத்திருக்கும். தொடர்ந்து சொட்டும் நிலைக்கு மாற்றி, செல்லுக்குள்ளேயே சில நிமிடம் பாதரசத்தை ஓடவிட்டால் சின்னக் குமிழிகள் வெளியேறிவிடும். அடைப்பைத் தள்ளுவதற்காக அழுத்தத்தைக் கூட்டாதீர்கள். உள்ளே இருக்கும் சவ்வு கிழிந்தால் பாதரசம் தாங்கிக்குள் கசியும். அதன் பிறகு அது உங்கள் வேலை அல்ல.

*துளி தானாக விழுகிறது.* மேசை அதிர்வு, கலக்கியின் ஆட்டம், கேப்பிலரியின் திருகு தளர்ந்திருப்பது என்ற வரிசையில் பாருங்கள். கலக்கியை நிறுத்தினால் துளி தங்குகிறது என்றால் வேறெங்கும் தேட வேண்டாம். எல்லாம் சரியாக இருந்தும் விழுந்தால் நுனியில் கண்ணாடி பெயர்ந்திருக்கலாம், அல்லது குழாயின் உள்சுவரில் கரைசல் ஏறியிருக்கலாம்.

*தட்டினாலும் விழவில்லை, அல்லது இரண்டு துளிகள் சேர்ந்து நிற்கின்றன.* பழைய துளியைத் தட்டிவிடும் தட்டியின் நிலையைக் கையேட்டில் உள்ளபடி சரிசெய்யுங்கள். அப்படியும் விழாவிட்டால் நுனி அழுக்காகியிருக்கிறது.

கரைசல் ஏறிய கேப்பிலரிதான் பாதரசத் துளி முறையின் மிகப் பெரிய தொல்லை. மற்ற அறிகுறிகள் பலவற்றுக்கும் பின்னால் இது ஒளிந்திருக்கும். நுனியைத் துடைத்து உலர்த்தி, ஐந்து நிமிடம் பாதரசத்தை ஓடவிட்டுப் பாருங்கள். பலிக்கவில்லையென்றால் கேப்பிலரியைக் கழற்றி, உள்ளே உள்ள பாதரசம் முழுவதையும் வெளியேற்றிய பிறகு, உறிஞ்சு பம்பின் உதவியால் ஒன்றுக்கு ஒன்று நீர்த்த நைட்ரிக் அமிலத்தையும், தொடர்ந்து தூய நீரையும், கடைசியில் அசிட்டோனையும் குழாய் வழியே இழுத்து, காற்றால் உலர்த்துங்கள். அந்த அமிலமும் கழுவிய நீரும் இனிப் பாதரசக் கழிவுதான், தொட்டியில் ஊற்றக்கூடாது. உட்புறம் சிலேன் பூசிய கேப்பிலரி என்றால் முதலில் கையேட்டைப் பாருங்கள். பூச்சு போய்விட்ட குழாயைக் கழுவிப் பயனில்லை. கழுவியும் தேறாத கேப்பிலரியோடு மல்லாட வேண்டாம், புதியதைப் போடுங்கள். அதற்கு ஆகும் செலவு, தவறான முடிவுகளோடு போகும் ஒரு வாரத்தைவிடக் குறைவு.

இது திரும்ப வராமல் இருக்க ஒரே வழி: வேலை முடிந்ததும் பாதரசம் சொட்டிக்கொண்டிருக்கும்போதே நுனியைக் கரைசலிலிருந்து வெளியே எடுத்து, தூய நீரால் கழுவி, மென்தாளால் ஒற்றி உலர்த்தி, அதன் பிறகு ஓட்டத்தை நிறுத்துங்கள். சொட்டுவதை முதலில் நிறுத்திவிட்டு நுனியைக் கரைசலிலேயே விட்டுச் சென்றால், காலையில் வரும்போது கரைசல் உள்ளே ஏறியிருக்கும்.

அறிகுறி 2: தரைக்கோடு (உச்சங்களுக்கு அடியில் ஓடும் கோடு) சாய்ந்து நிற்கிறது, அல்லது −0.1 பக்கத்திலும் −0.9 பக்கத்திலும் அகன்ற மேடு

ஆக்சிஜன். காற்றோடு சமநிலையில் உள்ள நீரில், 25 டிகிரியில், லிட்டருக்கு ஏறத்தாழ 8 மில்லிகிராம் ஆக்சிஜன் கரைந்திருக்கும். நீங்கள் தேடும் ஈயத்தோடு ஒப்பிட்டால் இது நூற்றுக்கணக்கான மடங்கு. ஆக்சிஜன் இரண்டு படிகளில் ஒடுங்குகிறது. முதல் படி செம்பின் உச்சத்தை மறைக்கும். இரண்டாம் படி துத்தநாகத்தின் அடித்தளத்தைச் சாய்க்கும். போதாக்குறைக்கு, துளியில் படிந்த உலோகத்தை ஸ்கேன் தொடங்கும் முன்பே ஆக்சிஜன் கரைத்துவிடும். அதனால் உச்சமும் சிறுத்துவிடும்.

படிவு இல்லாமல், தாங்கல் கரைசலை மட்டும் ஸ்கேன் செய்யுங்கள். மறுபடி ஐந்து நிமிடம் நைட்ரஜன் விட்டு மீண்டும் ஸ்கேன் செய்யுங்கள்.

*இரண்டாம் முறை தரைக்கோடு இறங்கியது.* வாயு நல்லது, அது போதாமல் இருந்திருக்கிறது. குமிழ் விடும் குழாயின் நுனியில் உப்புப் படிந்திருக்கிறதா பாருங்கள், வெந்நீரில் ஊறவைத்தால் கரைந்துவிடும். ஓட்டத்தைச் சற்றுக் கூட்டுங்கள், அல்லது நேரத்தைக் கூட்டுங்கள்.

*இறங்கவில்லை.* வாயுவோடு ஆக்சிஜன் வருகிறது, அல்லது வழியில் புகுகிறது. ஒவ்வொரு இணைப்பிலும் சோப்புக் கரைசலைத் தடவிக் குமிழி எழுகிறதா பாருங்கள். சிலிக்கோன் குழாய் போட்டிருந்தால் மாற்றுங்கள். அதன் சுவர் வழியாகவே ஆக்சிஜன் ஊடுருவும், எவ்வளவு இறுக்கினாலும் நிற்காது. டெஃப்லான் அல்லது உலோகக் குழாய்தான் ஏற்றது. அடுத்து, சிலிண்டரைப் பாருங்கள். 99.999 விழுக்காடு தூய்மை வேண்டும். வெல்டிங் வேலைக்கு வரும் நைட்ரஜன் ஆகாது. சிலிண்டர் மாற்றிய நாளிலிருந்துதான் சிக்கல் என்றால் துருவித் துருவி ஆராய வேண்டாம், வேறொரு சிலிண்டரை மாட்டிப் பாருங்கள். நல்ல சிலிண்டர் கிடைக்காத ஊரில் ஆக்சிஜன் நீக்கும் வடிகட்டியை வழியில் பொருத்திக்கொள்ளலாம்.

*நைட்ரஜன் விடும்போது சரி, ஸ்கேன் நடக்கும்போது மேடு திரும்புகிறது.* ஸ்கேன் வேளையில் வாயு, கரைசலுக்குள் போகாமல் மேற்பரப்பின் மீது போர்வையாகப் பரவ வேண்டும். அந்தத் திசைமாற்று வால்வு சிக்கியிருக்கும், அல்லது செல் மூடியின் ஏதோ ஒரு துளை திறந்திருக்கும். ஸ்டாண்டர்டு சேர்க்கும் துளையை மூட மறப்பது சகஜம்.

ஒரு சிறு யோசனை. நைட்ரஜனைச் செல்லுக்கு முன்னால் நீர் நிரப்பிய ஒரு குமிழ்ச் சீசா வழியாக விடுங்கள். இல்லாவிட்டால் உலர்ந்த வாயு உங்கள் கரைசலை ஆவியாக்கிக்கொண்டே போகும். காலையில் போட்ட 11 மில்லிலிட்டர் உச்சி வேளையில் 11 ஆக இருக்காது.

அறிகுறி 3: உச்சமே இல்லை

*கோடு தட்டையாகக் கிடக்கிறது, மின்னோட்டம் ஏறத்தாழ சுழி.* துளி இருக்கிறதா? துளி, குறிப்பு மின்முனை, மின்னோட்டத்தைச் சுமக்கும் துணை மின்முனை ஆகியவற்றின் மூன்று கம்பிகளும் அவற்றுக்குரிய இடத்தில் மாட்டப்பட்டிருக்கின்றனவா? கேப்பிலரியில் காற்று இடைவெளி இருந்தால் துளி கண்ணுக்குத் தெரியும், ஆனால் மின்தொடர்பு இருக்காது. கரைசல் மட்டம் துணை மின்முனையைத் தொடுகிறதா என்பதையும் பாருங்கள்.

*கோடு மேலோ கீழோ போய் ஒட்டிக்கொள்கிறது, ‘ஓவர்லோடு’ என்று செய்தி வருகிறது, துணை மின்முனையில் குமிழிகள் பொங்குகின்றன.* உடனே செல்லை அணையுங்கள். குறிப்பு மின்முனையின் தொடர்பு அறுந்திருக்கிறது. கட்டுப்பாடு இழந்த கருவி தன்னால் முடிந்த முழு மின்னழுத்தத்தையும் கரைசலில் செலுத்துகிறது. குறிப்பு மின்முனையின் நுனியில் காற்றுக் குமிழி அடைத்திருப்பது, உள்ளே கரைசல் வற்றியிருப்பது, கம்பி விட்டுப்போயிருப்பது ஆகிய மூன்றில் ஒன்றாக இருக்கும். மின்முனையை விரலால் மெல்லச் சுண்டிக் குமிழியை மேலேற்றுங்கள்.

*தரைக்கோடு அழகாக இருக்கிறது, உச்சம் மட்டும் இல்லை.* படிவு மின்னழுத்தம் சரியாகக் கொடுக்கப்பட்டிருக்கிறதா? −1.15 என்பதில் கழித்தல் குறி விட்டுப்போனால் துளி கரையத் தொடங்கும். படிவின்போது கலக்கி சுழல்கிறதா? செட்டிங் எல்லாம் சரி என்றால் ஸ்டாண்டர்டைப் புதிதாகத் தயாரியுங்கள். லிட்டருக்குச் சில மைக்ரோகிராம் அளவில் அமிலமின்றி வைத்த ஈயக் கரைசல், குடுவையின் சுவரிலேயே ஒட்டிக்கொண்டுவிடும். ஸ்டாண்டர்டுகளையும் மாதிரிகளையும் நைட்ரிக் அமிலத்தால் பிஹெச் 2-க்குக் கீழே வைத்திருக்க வேண்டும்.

அறிகுறி 4: உச்சத்தின் உயரம் ஒவ்வொரு முறையும் மாறுகிறது

அதிக நேரத்தைத் தின்னும் அறிகுறி இது. உயரம் எந்த வகையில் மாறுகிறது என்று முதலில் பாருங்கள். ஒரே கரைசலில், ஒவ்வொரு முறையும் புதுத் துளியில், ஐந்தாறு ஸ்கேன்களை அடுத்தடுத்து எடுத்து உயரங்களை வரிசையாக எழுதிக்கொள்ளுங்கள்.

*முன்னுக்குப் பின்னாகத் தாவுகிறது.* துளியின் அளவு மாறுகிறது என்று பொருள். அறிகுறி 1-க்குத் திரும்புங்கள். துளி சரி என்றால் கலக்கியைப் பாருங்கள். படிவின் அளவு கலக்கும் வேகத்தைப் பொறுத்தது. வேகம் ஆடினால் உயரமும் ஆடும். சில வேளைகளில் நைட்ரஜன் குமிழி ஒன்று துளிக்குக் கீழே ஒட்டிக்கொண்டு நிற்கும். உருப்பெருக்கியில் தெரியும்.

*ஒரே திசையில் ஏறிக்கொண்டே போகிறது.* கரைசல் ஆவியாகிறது, அல்லது அறை சூடேறுகிறது. பரவலை நம்பியிருக்கும் மின்னோட்டம் ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 2 விழுக்காடு கூடும். கோடையில் மின்வெட்டு வந்து குளிர்சாதனம் நின்றால், பத்துமணிக்கு எடுத்த ஸ்டாண்டர்டை வைத்து ஒருமணி மாதிரியைக் கணக்கிடக் கூடாது. செல்லுக்குள் முந்தைய மாதிரியின் எச்சம் கசிவதாலும் ஏறலாம். அமிலத்தால் கழுவிவிட்டு வெறும் தாங்கல் கரைசலை ஓட்டினால் தெரிந்துவிடும்.

*ஒரே திசையில் இறங்கிக்கொண்டே போகிறது.* ஸ்டாண்டர்டுக் கரைசலிலும் இறங்கினால் ஆக்சிஜன் மெல்லக் கசிகிறது, அல்லது உலோகம் செல் சுவரில் ஒட்டுகிறது. பிஹெச்சைச் சோதியுங்கள். மாதிரியில் மட்டும் இறங்கினால் அல்லது சிறுத்திருந்தால், துளியின் மேற்பரப்பில் கரிமப் பொருள் படர்கிறது. ஏரி நீரில் உள்ள ஹியூமிக் பொருள்களும், கழிவு நீரில் உள்ள சோப்பு வகைகளும் இதைச் செய்யும்.

இதை உறுதிப்படுத்த இரண்டு சோதனைகள். முதலாவது, படிவு நேரத்தை 60 விநாடியிலிருந்து 120 ஆக்குங்கள். உயரம் ஏறத்தாழ இரட்டிக்க வேண்டும். வெகு குறைவாகவே கூடினால் மேற்பரப்பு அடைபட்டிருக்கிறது. இரண்டாவது, ஸ்டாண்டர்டு சேர்ப்பின் சாய்வை (ஸ்டாண்டர்டைச் சிறிது சிறிதாகச் சேர்க்கும்போது உச்சம் உயரும் வீதத்தை) மாதிரியிலும் சுத்தமான தாங்கல் கரைசலிலும் ஒப்பிடுங்கள். மாதிரியில் சாய்வு பாதியாக இருந்தால் ஸ்டாண்டர்டு சேர்ப்பு முறை கணக்கை ஓரளவு காப்பாற்றும். அதற்கும் கீழே போனால் காப்பாற்றாது. மாதிரியை நீர்த்துப் பாருங்கள், செலவில்லாத வைத்தியம் அது. போதாதென்றால், சிறிது ஹைட்ரஜன் பெராக்சைடும் அமிலமும் சேர்த்து, குவார்ட்ஸ் குழாயில், புற ஊதா விளக்கின் கீழ், 90 டிகிரி அளவில் ஒரு மணிநேரத்துக்கு மேல் சிதைக்க வேண்டும். கழிவு நீர் மாதிரிகளை வழக்கமாகப் பார்க்கும் ஆய்வகத்துக்கு இந்த விளக்கு ஆடம்பரம் அல்ல. அது இல்லாமல் வரும் எண்களில் நான் கையெழுத்திட மாட்டேன்.

அறிகுறி 5: உச்சம் இடம் மாறிவிட்டது

*எல்லா உச்சங்களும் ஒரே அளவு நகர்ந்திருக்கின்றன.* குறிப்பு மின்முனை. பயன்படுத்தாமல் எடுத்து வைத்த இன்னொரு மின்முனையையும் இதையும் 3 மோலார் பொட்டாசியம் குளோரைடில் அருகருகே நிறுத்தி, மல்டிமீட்டரில் வேறுபாட்டை அளவிடுங்கள். 5 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. அதைத் தாண்டினால் உள்கரைசலை மாற்றி, ஓர் இரவு அதே கரைசலில் ஊறவிடுங்கள். நுனியின் நுண்துளைப் பகுதி கறுத்திருந்தால் சல்ஃபைடு படிந்திருக்கிறது, மாற்றுவதே மேல். பெர்குளோரேட் உள்ள மாதிரிகளை அளப்பவர்கள் கவனிக்க வேண்டியது: பொட்டாசியம் பெர்குளோரேட் அந்த நுண்துளைகளிலேயே வீழ்படிவாகி அடைத்துவிடும். வெளிப்பாலத்தில் சோடியம் உப்பை நிரப்பினால் இந்தச் சிக்கல் வராது.

*ஒன்றிரண்டு மட்டும் நகர்ந்திருக்கின்றன.* குறிப்பு மின்முனையைத் தொடாதீர்கள். கரைசலின் வேதியியல் மாறியிருக்கிறது. அணைவுச் சேர்மம் உண்டாக்கும் பொருள் ஏதோ இருக்கிறது. அம்மோனியா ஊடகத்தில் துத்தநாகத்தின் அரை அலை மின்னழுத்தம் (மின்னோட்டம் பாதி உயரத்தை எட்டும் மின்னழுத்தம்) −1.35 வோல்ட் பக்கம் போய்விடும் என்பதை நினைத்துப் பார்த்தால், ஊடகத்தின் வலிமை புரியும்.

பல்ஸ் உயரத்தை யாராவது மாற்றியிருந்தாலும் உச்சம் சற்று நகரும், அகலமும் கூடும். முறைக் கோப்பை ஒருமுறை பாருங்கள்.

அறிகுறி 6: உச்சம் அகன்றிருக்கிறது, தோள் விழுந்திருக்கிறது

இரண்டு மின்னணுக்கள் பங்குபெறும் ஈயம், காட்மியம் போன்றவற்றின் உச்சம், சிறிய பல்ஸில், அரை உயரத்தில் 45 மில்லிவோல்ட் அளவு அகலம் இருக்க வேண்டும். 50 மில்லிவோல்ட் பல்ஸில் இது கொஞ்சம் கூடும். உங்கள் நல்ல நாள் வரைகோட்டைவிட அகன்றிருந்தால் முதலில் பல்ஸ் உயரத்தைப் பாதியாக்கிப் பாருங்கள். இரண்டு உச்சங்கள் ஒட்டியிருந்தால் பிரியத் தொடங்கும்.

ஈயத்தின் பக்கத்தில் தாலியமும் வெள்ளீயமும், காட்மியத்தின் பக்கத்தில் இண்டியமும் வந்து நிற்கும். தாலியம் என்று சந்தேகம் வந்தால் சிறிது இடிடிஏ (உலோக அயனிகளைப் பிடித்துக்கொள்ளும் பொருள்) சேருங்கள். இந்தப் பிஹெச்சில் ஈயமும் காட்மியமும் அணைவாகி விலகும், தாலியம் மட்டும் நிற்கும். செம்பின் வலப்பக்கம் கோடு செங்குத்தாக ஏறினால் குளோரைடு அதிகம். குளோரைடு இருக்கும்போது பாதரசமே சுழி வோல்ட் தாண்டியவுடன் கரையத் தொடங்கும். உவர் நீர் மாதிரிகளில் ஸ்கேனை முன்கூட்டியே நிறுத்த வேண்டியிருக்கும், செம்பை வேறு முறையில் பார்க்க வேண்டியிருக்கும்.

அறிகுறி 7: துத்தநாகம் குறைகிறது, செம்பு கூடுகிறது

செம்பும் துத்தநாகமும் பாதரசத்துக்குள்ளேயே ஒன்றோடொன்று சேர்ந்துகொள்கின்றன. அந்தத் துத்தநாகம் தன் இடத்தில் வெளிவராமல் செம்போடு சேர்ந்து வெளிவருகிறது. செம்புக் குழாய், பித்தளைக் குழாய் வழியாக வந்த நீரில் அடிக்கடி காணலாம். படிவு நேரத்தைக் குறையுங்கள், மாதிரியை நீர்த்துப் பாருங்கள். போதாவிட்டால் காலியம் அயனிகளைச் சேருங்கள். காலியம் செம்போடு முந்திக்கொண்டு சேரும், துத்தநாகம் தனித்து நிற்கும். செம்பை மட்டும் அளக்க வேண்டுமென்றால் துத்தநாகம் படியாத −0.8 வோல்ட் அளவில் படியவைத்து, தனி ஓட்டமாக எடுப்பது எளிது.

செம்பு கூடாமல் துத்தநாகம் மட்டும் காணாமல் போனால் வேறு காரணம். அமிலம் சேர்த்துப் பாதுகாத்த மாதிரியில் 1 மில்லிலிட்டர் தாங்கல் கரைசல் அமிலத்தைச் சமாளிக்காமல் போயிருக்கும். செல்லில் உள்ள கரைசலின் பிஹெச்சையே அளவிடுங்கள். 3-க்குக் கீழே இருந்தால், ஹைட்ரஜன் ஒடுக்கம் துத்தநாகத்தை விழுங்கிவிடும். தூய அம்மோனியாவால் 4.6-க்குக் கொண்டுவந்தால் துத்தநாகம் திரும்பிவிடும்.

அறிகுறி 8: பிளாங்க்கிலேயே (மாதிரி சேர்க்காத கரைசலிலேயே) உச்சம்

துத்தநாகம் மட்டும் தெரிந்தால் கையுறைத் தூள், ரப்பர், அறைத் தூசு என்று தேடுங்கள். எல்லாம் தெரிந்தால் கண்ணாடிப் பொருள்கள் சரியாகக் கழுவப்படவில்லை. 10 விழுக்காடு நைட்ரிக் அமிலத்தில் ஓர் இரவு ஊறியிருக்க வேண்டும். பிறகு நீர், பிறகு தாங்கல் கரைசல். தாங்கல் கரைசலை இரு மடங்கு ஊற்றி ஓட்டுங்கள். உச்சமும் இரட்டித்தால் குற்றவாளி அதுதான், உயர் தூய்மை அமிலத்தில் புதிதாகத் தயாரியுங்கள். பிப்பெட் முனைகள் நிறமற்றவையாக இருக்கட்டும்.

அறிகுறி 9: கோடு நடுங்குகிறது

*ஒரே இடத்தில் செங்குத்தாக விழுந்து வேறு மட்டத்தில் தொடர்கிறது.* ஸ்கேனின் நடுவில் துளி விழுந்திருக்கிறது. அறிகுறி 1.

*முழுவதும் சீரான நடுக்கம்.* மின் இணைப்பிலிருந்து வரும் இரைச்சல். மின்னோட்டத்தை அளக்கும் நேரம் 20 மில்லிவிநாடியாகவோ அதன் மடங்காகவோ இருந்தால் நம் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் தானாகக் கழிந்துவிடும். அமெரிக்காவில் எழுதிய முறைக் கோப்பில் இது 60 ஹெர்ட்ஸுக்கு ஏற்ப 16.7 ஆக இருக்கலாம், மாற்றுங்கள். பிறகு கலக்கியை நிறுத்திப் பாருங்கள். அதே இணைப்பில் உள்ள குளிர்பதனப் பெட்டியை, அலைபேசி சார்ஜரை எடுத்துப் பாருங்கள். எதுவும் பலிக்காவிட்டால் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையிலான மின்னழுத்தத்தை மின்பணியாளரைக் கொண்டு அளக்கச் சொல்லுங்கள். 2 வோல்ட்டைத் தாண்டினால் எர்த்தைச் சரிசெய்வது கட்டடத்தின் வேலை, கருவியின் குற்றமல்ல.

எப்போது பொறியாளரை அழைப்பது

முதலில் செல்லைக் கழற்றிவிட்டு, கருவியோடு வந்த போலிச் செல்லை (செல்லுக்குப் பதிலாக மாட்டும் மின்தடையை) மாட்டி ஒரு நேர்கோட்டு ஸ்கேன் எடுங்கள். 1 மெகாஓம் மின்தடை என்றால் 1 வோல்ட்டுக்கு 1 மைக்ரோஆம்பியர் என்ற கணக்கில் நேர்கோடு வர வேண்டும். வந்தால் மின்னணுப் பகுதி நலமாக இருக்கிறது, மேலே சொன்னவற்றில் எதையோ விட்டுவிட்டீர்கள். வராவிட்டால் கம்பியை மாற்றி இன்னொரு முறை பாருங்கள். அப்படியும் வராவிட்டால் அழையுங்கள், பெட்டியைத் திறக்காதீர்கள்.

போலிச் செல்லின் முடிவு எதுவானாலும் உடனே அழைக்க வேண்டிய நிலைகள் உண்டு. தாங்கியின் அடியில் பாதரசம் தெரிகிறது. வாயு அழுத்தம் தானாக இறங்குகிறது, வெளி இணைப்புகளில் கசிவு இல்லை. ஊசி வால்வு மூடவில்லை, பாதரசம் நிற்காமல் ஓடுகிறது. கேப்பிலரி உள்ளே உடைந்து சிக்கியிருக்கிறது. இவற்றில் எதையும் நீங்களே பிரிக்க வேண்டாம். நைட்ரஜனை மூடி, மின்சாரத்தை அணைத்து, காற்றோட்டத்தைக் கூட்டி, மற்றவர்களை அறையிலிருந்து அனுப்புங்கள். சிந்திய துளிகளைத் துளி உறிஞ்சியாலோ அட்டைத் துண்டாலோ சேர்த்து, நீர் ஊற்றிய இறுக்கமான பிளாஸ்டிக் குப்பியில் இடுங்கள். எட்டாத இடுக்குகளில் கந்தகத் தூளைத் தூவுங்கள். வெற்றிடத் துப்புரவுக் கருவியை அந்தப் பக்கமே கொண்டுவரக் கூடாது, அது பாதரசத்தை ஆவியாக்கி அறை முழுவதும் பரப்பும். சேர்த்த பாதரசத்தை மறுபடி தேக்கத்தில் ஊற்றாதீர்கள். கண்ணாடியில் ஓடும்போது வால் விட்டுச் செல்லும் பாதரசம் அழுக்கானது, வால் விடாவிட்டாலும் வடித்துத் தூய்மையாக்கும் வரை அது கழிவுதான்.

பொறியாளரிடம் பேசும்போது நல்ல நாள் வரைகோடு, இன்றைய வரைகோடு, போலிச் செல் வரைகோடு ஆகிய மூன்றையும், என்னென்ன மாற்றிப் பார்த்தீர்கள் என்ற குறிப்பையும் முதலிலேயே அனுப்பிவிடுங்கள். தாங்கியைப் பழுதுக்கு அனுப்பச் சொன்னால், பாதரசம் முழுவதையும் வடித்து எடுத்து, கேப்பிலரியைக் கழற்றி, அப்படிச் செய்ததை எழுதிப் பெட்டியின் மேல் ஒட்டிய பிறகே அனுப்ப வேண்டும்.